பொட்டைக்குட்டியின் கணக்கு

தொண்டாமுத்தூரிலிருந்து நரசீபுரம் போகிற சாலையில், பாக்குத் தோப்புக்கு நடுவே ஒரு தோட்டத்துச் சாளை. கட்டுத்தாரை ஓரத்தில் விரித்த சாக்கில் செவலை நாய் ஒன்று படுத்திருந்தது. ஆறு குட்டி போட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் போனபோது மடியை முட்டிக்கொண்டிருந்தவை இரண்டுதான்.

"மத்ததெல்லாம் எங்கேங்க?"

"இது ரெண்டும் கடுவன், வெச்சுக்கிட்டோம். நாலு பொட்டைங்க கண்ணு. பையன் வண்டியில கொண்டுபோயிக் கறிக்கடைப் பக்கம் உட்டுட்டு வந்துட்டான். தின்னு பொழச்சுக்கும்."

பெரியவர் குரலில் கொடுமை ஏதும் இல்லை. வருசா வருசம் நடப்பதைச் சொன்னார். தாய்க்கு ஒரு ஆபரேசன் செய்துவிட்டால் இந்தப் பாடு இல்லையே என்று இழுத்தேன். "வாயில்லாச் சீவன் வவுத்தக் கிழிக்கறதுங்களா? பாவமுங்க" என்றார். அவர் சாய்ந்து நின்ற தூணுக்குப் பத்தடி தள்ளிக் காயடித்த காளை ஒன்று சோளத்தட்டு மென்றுகொண்டிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். "அது வேலைக்குங்களே" என்றார், நான் ஏதோ புரியாமல் கேட்டுவிட்ட மாதிரி.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு நுட்பமான உண்மை இருக்கிறது. கொங்கு நாட்டுக்குக் காயடிப்பு புதிதல்ல. காங்கேயம் காளையை ஏருக்கும் வண்டிக்கும் பழக்குகிற ஊர் இது. விதைப்பைக்கு மேலே போகும் நரம்புக் கொத்தை அந்தக் காலத்தில் கட்டைக்கு நடுவே வைத்து நசுக்கினார்கள். பிறகு கால்நடை மருந்தகத்தில் பர்டிசோ இடுக்கி வந்தது. மேல்தோல் கிழியாது. உள்ளே இரத்தக் குழாயும் விந்துக் குழாயும் நசுங்கும். இரத்தம் கிடைக்காத விதை சில வாரத்தில் சுருங்கிவிடும். டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு நின்றதும் மாடு முட்டாது, மேயப் போன பசுவைத் துரத்தாது, நுகத்துக்கு அடங்கும். ஆக, காயடிப்பின் நோக்கம் குணம். எண்ணிக்கையைக் குறைக்க எவரும் காளைக்குக் காயடித்ததில்லை. ஊரில் ஒரே ஒரு பொலிகாளை மிஞ்சினாலும் அத்தனை பசுவும் சினைபிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நாயின் கதையும் இதேதான், இன்னும் கூடுதலாக. பொட்டை நாய்க்குப் பருவம் வந்தால் ஒன்பது நாள் போல இரத்தக்கசிவு, அதற்கடுத்த ஒன்பது நாள் போலக் கடுவனைச் சேர்க்கும் காலம். கருமுட்டை வெளிவந்த உடனே கருக்கொள்ளாது, முதிர இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். கடுவனின் விந்தணுவோ பொட்டையின் உடலில் ஒரு வாரம் வரை உயிரோடு காத்திருக்கும். இந்த இடைவெளியில் ஐந்தாறு கடுவன்கள் வந்துபோகலாம். அதனால்தான் ஒரே ஈத்தில் ஒரு குட்டி செவலை, ஒன்று கருப்பு, ஒன்று காது தொங்கியது என்று பிறக்கின்றன. உண்மையிலேயே தகப்பன் வேறு வேறு. ஊரிலுள்ள 50 கடுவனில் 45-க்குக் காயடித்தாலும் மிச்சம் ஐந்து போதும், ஒரு பொட்டையும் வெறுமனே இருக்காது. எண்ணிக்கையின் சாவி பொட்டையிடம் இருக்கிறது. அந்தச் சாவியோ வயிற்றுக்குள் இருக்கிறது. மலிவாக, பெரிய அளவில் கருத்தடை செய்வது ஏன் இத்தனை பாடு என்பதற்கு முதல் காரணம் இதுதான். வெளியில் தொங்குவதை நசுக்குவது வேறு, வயிற்றைத் திறந்து சூலகத்தை எடுப்பது வேறு.

விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளில் ஒரு கணக்கு அடிக்கடி வரும். ஒரு பொட்டை நாயும் அதன் வம்சமும் ஆறு வருடத்தில் 67,000 நாயாகிவிடும் என்று. பிறந்த குட்டி ஒன்றுகூடச் சாகாது என்று வைத்துப் போட்ட பெருக்கல் அது. நம் தெருவைப் பார்த்தவர் எவரும் அதை நம்ப முடியாது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் மனாபி பால், அனிந்திதா பத்ரா குழுவினர் தெருநாய்களின் 95 ஈத்துகளை, மொத்தம் 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழு மாத வயதை எட்டியவை 19 விழுக்காடு மட்டுமே. செத்தவற்றில் பெரும்பாலானவற்றின் சாவுக்குக் காரணம் மனிதர்கள்: வண்டி, அடி, விஷம், தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது. கறிக்கடைப் பக்கம் விடப்பட்ட அந்த நான்கு பொட்டைக்குட்டியில் ஒன்று பிழைத்தால் பெரிது. ஆனால் அந்த ஒன்று போதும்.

எப்படிப் போதும் என்று பார்க்க ஒரு கிராமத்தைக் கற்பனை செய்வோம். 100 நாய், பாதி பொட்டை. நம் நாட்டுத் தெருநாய் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறைதான் ஈனும். ஈத்துக்கு ஐந்து குட்டி என்றால் 50 பொட்டைக்கு 250 குட்டி. அதில் 19 விழுக்காடு பிழைத்தால் 47. வயதாகியும் அடிபட்டும் நோய் வந்தும் ஆண்டுக்கு 30 பெரிய நாய் சாகிறது என்று வைத்துக்கொள்வோம். 17 நாய் கூடுதல். இப்போது 20 பொட்டைக்கு, அதாவது 40 விழுக்காட்டுக்கு அறுவை செய்கிறோம். மிச்சம் 30 பொட்டை, 150 குட்டி, பிழைப்பது 28. சாவு 30, வரவு 28. இத்தனை செலவழித்தும் நாய் எண்ணிக்கை அசையவில்லை. தெருக்காரர்கள் "காசெல்லாம் எங்கே போச்சு" என்று கேட்பார்கள், கேட்பதிலும் தப்பில்லை. இன்னும் 15 பொட்டைக்குச் செய்து 70 விழுக்காட்டைத் தொட்டால்? 75 குட்டி, பிழைப்பது 14. சாவு அதே 30. இப்போதுதான் சரிவு தொடங்குகிறது.

நிஜத்தில் கணக்கு இன்னும் கெட்டி. குட்டி குறைந்தால் மிஞ்சிய குட்டிக்குச் சோறு கூடும், பிழைப்பதும் கூடும். அரைகுறையாகச் செய்தால் இயற்கை அந்த இடைவெளியை அடைத்துவிடும். ஒரு நகரம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரம் நாய்க்கு அறுவை செய்வதைவிட, இரண்டே வார்டில் ஒரு பொட்டை விடாமல் முடித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போவது நல்லது. களை எடுப்பவர்கள் பாத்தி பாத்தியாகத்தானே போகிறார்கள்.

கொன்றுவிட்டால் என்ன என்ற கேள்வி அடுத்து வரும். அதற்குச் சென்னை நூறாண்டுக்கு மேல் பதில் எழுதிப் பார்த்திருக்கிறது. சென்னை மாநகராட்சி 1860 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. விமானி கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் 1959-இல் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா 1964-இல் மாநகராட்சியின் கணக்கைத் தோண்டியபோது, கொல்லக் கொல்ல நாய் கூடிக்கொண்டே போயிருப்பது தெரிந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒன்று என்ற அளவுகூட இல்லாத எண்ணிக்கை 1995-இல் நாளொன்றுக்கு 135 ஆகியிருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். 1970-களின் தொடக்கத்தில் நாய்த்தோல் மலிந்து, சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதிலிருந்து கழுத்து டையும் பணப்பையும் வடிவமைத்துப் பார்த்தார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் ரேபிஸ் நிபுணர் குழுவும் 1992-இல் இதையே சொன்னது: நாயைப் பிடித்து அகற்றுவதால் நாயின் அடர்த்தியோ நோயின் பரவலோ குறிப்பிடும்படி குறைந்ததற்குச் சான்றில்லை.

சின்னி கிருஷ்ணா முன்வைத்த மாற்று, பிடி, அறுவை செய், ஊசி போடு, அதே இடத்தில் விடு. ஏபிசி (அனிமல் பர்த் கன்ட்ரோல்) என்று பெயர் வைத்தார், அரிச்சுவடி போல எளிது என்ற பொருளில். மாநகராட்சி இசைய 1996 ஆயிற்று. அவ்வாண்டு சென்னையில் 120 ஆக இருந்த மனித ரேபிஸ் மரணம் 2010-இல் சுழியமானது என்பது ப்ளூ கிராஸ் தரும் கணக்கு. இந்தச் சரிவு முழுவதையும் கத்திக்குக் கொடுக்க நான் தயாரில்லை. இடையில் மனிதர்களுக்கான தடுப்பூசியே மாறிவிட்டது. ஆனால் ஜெய்ப்பூரில் கிடைத்த சான்று கெட்டியானது. அங்கே ஹெல்ப் இன் சஃபரிங் அமைப்பு 1994 நவம்பர் முதல் 2002 டிசம்பர் வரை 24,986 நாய்களைக் கையாண்டது. பொட்டைகளில் 65 விழுக்காட்டுக்கு அறுவையும் ஊசியும் முடிந்தபோது நாய் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்திருந்தது. திட்டம் நடந்த பகுதியில் மனித ரேபிஸ் சுழியம். அதே ஊரில் திட்டம் எட்டாத பகுதிகளில் ரேபிஸ் கூடியது. ஒரே ஊர், ஒரே மருத்துவமனைகள், ஒரே தடுப்பூசி. வேறுபட்டது நாய் மட்டும்.

எங்கள் பக்கத்துக்கு ரேபிஸ் தூரத்துச் சங்கதி அல்ல. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க் கடியில் இறந்தார். அன்று இந்தியாவில் சிகிச்சை கிடைத்த ஒரே இடம் இமயமலைச் சரிவிலிருந்த கசௌலி. அந்தச் சாவின் அதிர்ச்சியில்தான் தெற்கிலும் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற பேச்சு எழுந்து, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறந்தது. கோவைக்காரர்களின் பழைய நினைவில் "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்று தங்கியிருப்பது அங்கே தயாரான நரம்புத்திசு மருந்துதான். 2005 வாக்கில் அதை நாடு கைவிட்டது. இப்போது கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் ஊசி போடாமல் விட்டு நோய் முற்றினால் தப்பியவர்கள் இல்லை என்றே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 2024-இல் பதிவான நாய்க்கடி 4.8 லட்சம், ரேபிஸ் மரணம் 43.

இனி அறுவை அறைக்குள் போகலாம். மேசையில் பொட்டை மயங்கிக் கிடக்கிறது. சைலசின், கீட்டமின் வகை மருந்துகள் உள்ளே போயிருக்கின்றன. வலது விலாவுக்குப் பின்னே ஒரு கையகலத்துக்கு மழித்திருக்கிறார்கள். கீறல் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. வெளிநாடுகளில் அடிவயிற்று நடுக்கோட்டில் திறப்பது வழக்கம். நம் ஏபிசி மையங்கள் பலவற்றில் பக்கவாட்டு வழி பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. படுத்தால் தையல் மண்ணில் படாது, தூர நின்றே காயத்தைப் பார்த்துக்கொள்ளலாம், தையல் விட்டாலும் குடல் வெளியே சரியாது. ஏன் வலப்பக்கம்? நாயின் வலது சூலகம் சிறுநீரகத்தை ஒட்டி இன்னும் மேலே ஏறி இருக்கிறது. எட்டாததைப் பக்கத்திலிருந்து பிடித்துவிட்டால், எட்டுகிற இடதைக் கருப்பையின் கிளை வழியே இழுத்துக்கொள்ளலாம்.

வளைந்த கொக்கி ஒன்று உள்ளே போய்க் கருப்பைக் கொம்பை மீட்டி வெளியே கொண்டுவருகிறது. அதன் முனையில் சூலகம், அதை உடம்போடு இறுக்கிப் பிடித்திருக்கும் தசைநார். அந்த நாரை விரலால் நீவி, இரத்தக் குழாய் அறுபடாமல், நார் மட்டும் விடும்படி இழுக்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் கைப்பக்குவம். பிறகு குழாயை இரட்டை முடிச்சுப் போட்டு வெட்ட வேண்டும். முடிச்சு வழுக்கினால் நாய் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் இரத்தம் வடிந்து இறந்துபோகும். சூலகத்தில் ஒரு கடுகளவு மிஞ்சினால் ஆறேழு மாதத்தில் மறுபடி பருவம் வரும். "ஆபரேசன் பண்ணின நாயும் குட்டி போடுது" என்ற பேச்சில் சில நேரம் இந்தக் கடுகும் இருக்கும், பல நேரம் காது வெட்டுக் குறியைச் சரியாகப் பார்க்காத கண்ணும் இருக்கும். எல்லாம் முடிந்து கரையும் நூலால் தைத்து, மயக்கம் தெளிவதற்குள் அறுவை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு. கைபழகியவருக்கு இருபது நிமிடத்துக்குள் முடிகிற வேலை.

நாய்க்கு இதில் என்ன கிடைக்கிறது? முதல் பருவத்துக்கு முன்பே செய்துகொண்ட பொட்டைக்கு மடியில் புற்று வரும் வாய்ப்பு, செய்யாததன் வாய்ப்பில் 0.5 விழுக்காடாக விழுகிறது என்று 1969-இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. ஒரு பருவம் கழித்தால் 8, இரண்டு கழித்தால் 26. கருப்பையில் சீழ் கட்டிச் சாவது அறவே நின்றுபோகும். இன்னொன்று விசித்திரமானது. நாய்களுக்குள் இணைசேரும்போது ஒட்டிப் பரவும் ஒரு புற்றுநோய் உண்டு. கிருமியால் வருவதல்ல, புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குக் குடியேறுகிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய கட்டி, அந்த நாய் மக்கிப்போன பின்னும் இன்று தெருத்தெருவாக உயிரோடிருக்கிறது. இணைசேர்வது நின்றால் அதுவும் நிற்கும்.

சரி, செலவு? விலங்குநல வாரியம் பல ஆண்டுகள் ஒரு நாய்க்குக் கொடுத்துவந்தது 445 ரூபாய். மருந்து, அறுவை, பிந்தைய கவனிப்பு எல்லாம் சேர்த்து 370, பிடித்து மறுபடி கொண்டுபோய் விட 75. அண்மைய மத்தியத் திட்டத்தில் நாய்க்கு 800, பூனைக்கு 600. ஒரு தனியார் கிளினிக்கில் இதைப்போலப் பல மடங்கு கேட்பார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நாளைக்கு இரண்டு நாய் வரும் இடத்தில் வாடகையும் மின்சாரமும் உதவியாளர் சம்பளமும் அந்த இரண்டின் தலையில்தான் விழும்.

இதை எப்படி உடைப்பது என்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வேங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைக் கோவைக்காரர் அவினாசி சாலையில் தினமும் பார்க்கிறார்கள். அறுவை அறையில் பக்கம் பக்கமாக மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயார். மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும். அவருடைய நேரம் வெட்டுவதில் மட்டும் செலவாகிறது, மீதியைப் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். விலை உயர்ந்த வில்லையைத் தாங்களே செய்துகொள்ள 1992-இல் அரோலேப் ஆலையையும் வைத்தார்கள். அமெரிக்காவில் மாநகராட்சி நடத்திய முதல் மலிவுக் கருத்தடை மையம் 1971-இல் லாஸ் ஏஞ்சலிஸில் வந்தது. பிறகு பெருகிய பேரளவு மையங்களிலும் இதே உத்திதான்: ஒருவர் மயக்குகிறார், ஒருவர் மழிக்கிறார், மருத்துவர் ஒரு நாளில் இருபது முப்பது அறுவை செய்கிறார். தரம் கெட்டுவிடுமோ என்றால், நேர்மாறு. நாளுக்கு இருபது செய்கிற கைக்கு அந்தத் தசைநார் கண்ணை மூடினாலும் தெரியும்.

ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் நொண்டுகிறது. கண் நோயாளி முகாமுக்குத் தானே பஸ் ஏறி வருகிறார். நாய் வராது. வலையோடு வண்டி தெருவில் நுழைந்ததும் முதல் நாளே சிக்குவது சோற்றுக்கு வாலாட்டும் சாதுக்கள். இரண்டாம் வாரம் வண்டியின் சத்தம் தெரிந்த நாய்கள் சந்துக்குள் மறைகின்றன. முதல் 40 விழுக்காடு சுலபம். கடைசி 30 விழுக்காட்டுக்காக ஓட்டுநரும் நான்கு ஆட்களும் அரைநாள் அலைந்து வெறும் வலையோடு திரும்புவார்கள். மேலே போட்ட கணக்கை ஒருமுறை பாருங்கள். 40-இல் ஒன்றும் நடக்காது, 70-இல்தான் நடக்கிறது. மலிவாக முடிகிற பாதி பயனில்லாத பாதி. பயன்தரும் பாதிதான் செலவை விழுங்குகிறது. 75 ரூபாயில் இதெல்லாம் முடியும் என்று கணக்குப் போட்டவர் நாய் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார். பிடித்த பின்னும் ஆயிற்றா? 2023-இன் ஏபிசி விதிப்படி அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் வைத்திருக்க வேண்டும். நாளைக்கு இருபது அறுவை என்றால் எந்நேரமும் எண்பது கூண்டு, எண்பது வாய்.

கோவை மாநகரில் இந்தப் பாட்டைப் படுகிறவர்கள் இருக்கிறார்கள். 2006-இல் மினி வாசுதேவன் முனைந்து தொடங்கிய ஹியூமேன் அனிமல் சொசைட்டி, மாநகராட்சியோடு சேர்ந்து சீரநாயக்கன்பாளையத்தில் ஏபிசி மையம் நடத்தியது. உக்கடத்திலும் மையம் வந்தது. மினி வாசுதேவனுக்கு நாரி சக்தி விருதும் கிடைத்தது. ஆனால் மாநகராட்சியின் பணி மாநகராட்சி எல்லையோடு. பேரூர் தாண்டி நொய்யலை ஒட்டி மேற்கே வந்தால் பேரூராட்சி, ஊராட்சி. விதிப்படி பொறுப்பு அந்தந்த உள்ளாட்சிக்கு. அறுவை அறையும் எண்பது கூண்டும் ஒரு பேரூராட்சியால் ஆகிற காரியமா? நாய்க்கோ எல்லைக்கல் தெரியாது. தோட்டத்தில் பிறந்த பொட்டைக்குட்டி டூவீலர் ஏறி டவுன் பக்கம் போகிறது, டவுனில் பிறந்தது இரவோடு இரவாகக் காட்டோரம் இறக்கப்படுகிறது.

இந்தப் புறக்கணிப்பின் விலையைக் கிழக்குக் கொங்கு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் நாய்க் கூட்டம் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் கடித்துக் குதறுகிறது. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தார்கள். கறிக்கோழிப் பண்ணைகளும் கடைகளும் பள்ளத்தில் கொட்டும் செத்த கோழியும் குடலும் அந்தக் கூட்டத்தை வளர்த்தன. நாய் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு போடுவது சோறு. கழிவைப் புதைக்காமல் கத்தியை மட்டும் நம்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. இங்கே மேற்கில் இன்னொரு விருந்தாளி உண்டு. வெள்ளிங்கிரி, போளுவாம்பட்டிக் காட்டிலிருந்து இறங்கும் சிறுத்தை. மகாராஷ்டிரத்தில் அகோலே வயல்வெளிச் சிறுத்தைகளின் எச்சத்தை வித்யா ஆத்ரேயா குழு ஆராய்ந்தபோது, அவை தின்ற இறைச்சியின் எடையில் 39 விழுக்காடு நாய். தோட்டத்தில் நாய் பெருகினால் சிறுத்தைக்கு வாசல்வரை வழி போட்டுக் கொடுக்கிறோம். நாயின் டிஸ்டம்பர் நோய் காட்டுச் செந்நாய்க்குத் தொற்றும் அபாயம் தனி.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, 22 அன்றே அதைத் திருத்தி, வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை அறுவையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும், நாடே இரண்டாகப் பிரிந்து கத்தியதும் நினைவிருக்கும். அந்தக் கூச்சலில் கிராமத்து நாயைப் பற்றி ஒரு சொல் இல்லை.

என் கட்சி இதுதான். பேரளவுக் கருத்தடையில் பணம் கரைவது பிடிப்பதிலும் அடைத்து வைப்பதிலும். தொண்டாமுத்தூர்த் தோட்டத்து நாய்க்கு இந்த இரண்டு செலவும் இல்லை. அது ஊர் சுற்றும், ஆனால் அதற்கு ஒரு சாளை உண்டு, ஒரு பெயர் உண்டு, தட்டில் சோறு போடும் ஓர் அம்மா உண்டு. "மணீ" என்று அந்தம்மா கூப்பிட்டால் வலை தேவையில்லை, ஒரு முழக் கயிறு போதும். அறுவை முடிந்து நான்கு நாள் அதைக் கட்டுத்தாரையில் கட்டிப்போட்டுக் கவனிக்க அவர்களால் முடியும். கன்று ஈன்ற மாட்டைக் கவனிக்காத கையா? அரவிந்த் முகாமுக்கு வரும் நோயாளிபோல, கிராமத்து நாய் மட்டும்தான் தானாக மேசைக்கு வந்து சேரக்கூடிய நாய். எங்கே 70 விழுக்காடு மலிவாக முடியுமோ அங்கே வண்டி போவதே இல்லை. வண்டியில் இரண்டு மேசை, கைபழகிய ஒரு கால்நடை மருத்துவர், மூன்று உதவியாளர், ஒரு கல்யாண மண்டபம். ஒரு வாரத்தில் 100 பொட்டை. பூட்டான் 2009-இல் தொடங்கிய தன் நாடுதழுவிய திட்டத்தை நிறைவு செய்துவிட்டதாக 2023 அக்டோபரில் அறிவித்தது. மலை மலையாக ஏறி அவர்கள் முடித்ததை நொய்யல் கரையில் முடிக்க முடியாதா?

பூனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது நாயைவிட வேகம். நாய்க்குப் பருவத்தில் தானாகவே கருமுட்டை வெளிவரும், பூனைக்கு இணைசேர்ந்த தூண்டுதலால் வரும், ஆகவே சேர்ந்தால் தப்பாது. நான்கைந்து மாதத்திலேயே பருவம், வெயில் குறையாத நம் ஊரில் ஆண்டு முழுக்க ஈத்து, பால் கொடுக்கும்போதே அடுத்த சினை. அறுவை நாயைவிடச் சுலபம், பிடிக்கத்தான் கூண்டும் கருவாடும் பொறுமையும் வேண்டும். கத்தி இல்லாத வழி வருமா என்பதற்கும் பூனைதான் முதல் நம்பிக்கை தந்திருக்கிறது. அமெரிக்காவில் 2023-இல் வெளியான ஆய்வில், கருமுட்டை வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோனின் மரபணுவை ஒரே ஊசியாக ஆறு பூனைகளுக்குப் போட்டார்கள். இரண்டாண்டு கண்காணிப்பில் ஒன்றுகூடச் சினையாகவில்லை. ஆறு பூனைதான். ஒரே ஊசியில் நாய், பூனை இரண்டுக்கும் நிரந்தரக் கருத்தடை கண்டுபிடிப்பவருக்கு 2008-இல் அறிவித்த 2.5 கோடி டாலர் மைக்கேல்சன் பரிசு இன்னும் யாருக்கும் போகவில்லை. அதுவரை கொக்கியும் நூலும்தான்.

முகாம் வைப்பதென்றால் எந்த மாதம்? இதிலும் உயிரியலுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. கார்த்திகை மாசத்து நாய் என்று ஊரில் வசவு உண்டு, அது சும்மா வந்ததல்ல. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் நேரத்தில்தான் தெருநாய்களில் பெரும்பகுதிக்குப் பருவம். பருவத்திலும் சினையிலும் கருப்பையின் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், அறுவை நீளும், இரத்தம் கூடும். சினை நாயை மேசையில் ஏற்ற எந்த மருத்துவருக்கும் மனமும் வராது. ஆகவே ஆடி, ஆவணி. கல்யாணம் இல்லாத ஆடியில் மண்டபமும் சும்மா கிடக்கும்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன், இத்தனை நீளமாக அல்ல. 67,000 கணக்கைச் சொல்லவில்லை. மடிப்புற்றையும் கருப்பைச் சீழையும் சொன்னேன். போன வருசம் செத்த, செவலையின் தாய்க்குக் கீழே நாற்றமெடுத்துச் சீழ் வந்ததை அவரே நினைவுபடுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் செவலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காச எவ்வளவு கேப்பாங்க?"

முகாம் என்றால் இல்லை என்றேன்.

"தையல் பிரிச்சுட ஆளு வருமுங்களா?"

நூல் தானாகவே கரைந்துவிடும் என்றேன்.

"குட்டி பால் மறக்கட்டும் கண்ணு. ஆடி பதினெட்டு கழிஞ்சு நானே கவுத்துல புடிச்சுக் கூட்டியாறன். அந்தக் கடுவன் ரெண்டுக்கும் வேண்டாமுங்களா?"

வேண்டாம், அதற்கு ஊசி மட்டும் போதும் என்றேன்.